ஐந்து நிமிடம் யாருடையது?

"ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் வெயிலில் நில்லுங்கள், ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள், பத்து நிமிடம் காலாற நடந்துவிட்டு வாருங்கள், இன்றைக்கு மனதுக்கு இதமாக இருந்த மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்." செயற்கை நுண்ணறிவில் இயங்கும் துணைச் செயலிகள் தினமும் போனுக்கு அனுப்பும் யோசனைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை நோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்வதில்லை, மருந்தும் தருவதில்லை. "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்குச் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றைச் சொல்லும். சாயங்காலம், "செய்தீர்களா?" என்று விசாரிக்கும்.

இதே நாலு வரியை இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் போனில் வைத்துப் பாருங்கள். விடியுமுன் எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர் அவர். நடைக்கும் வெயிலுக்கும் பச்சைக்கும் அவர் நாளில் பஞ்சமே கிடையாது. தண்ணீர் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. கொழுந்து மலைகளில் பல இடங்களில் பெண்களுக்கென்று கழிப்பறை இல்லை. அதனால் வேலை நேரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பல பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தாகத்தை அடக்கிக்கொண்டு நிரையில் நிற்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்கிறார்கள். "ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள்" என்பது தப்பான ஆலோசனை இல்லை. அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது என்று அந்தச் செயலிக்குத் தெரியாது, அவ்வளவுதான். மலையில் கழிப்பறை கட்டுவது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆலோசனையோ அந்தப் பெண்ணின் பெயருக்கு வருகிறது.

இதைப் பார்த்துவிட்டு, "இந்தச் செயலியெல்லாம் கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, நமக்கில்லை" என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நான் அப்படி ஒதுக்கத் தயாரில்லை. சின்னக் காரியங்கள் மனதைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு அறிவியல் பலமான ஆதாரம் வைத்திருக்கிறது. அந்த ஆதாரத்தில் மிக நல்ல பகுதி நம்மைப் போன்ற ஊர்களிலிருந்துதான் வந்திருக்கிறது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. யாருடைய நாளில், யார் துணையோடு, யாருக்குக் கட்டுப்பட்ட நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்யச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த அறிவியலைப் பார்ப்போம். 1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் மனச்சோர்வை ஒரு சுழலாக விளக்கினார். மனம் சோர்ந்தவர் ஆட்களிடமிருந்து ஒதுங்குகிறார். கோயிலுக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டில் போய் இருந்து பேசுவதில்லை, பிடித்த வேலையைத் தொடுவதில்லை. ஒதுங்க ஒதுங்க, மனதுக்கு இதம் தரும் அனுபவங்கள் குறைகின்றன. அவை குறையக் குறைய மனம் இன்னும் சோர்கிறது. "மனம் தெளிந்த பிறகு செய்கிறேன்" என்று காத்திருந்தால் சுழல் நிற்காது. மனம் எப்படியிருந்தாலும் முதலில் சின்னதாக ஒன்றைச் செய். தெளிவு பின்னால் வரும் என்பது அவருடைய வழி. இதற்கு நடத்தைத் தூண்டல் என்று பெயர்.

கேட்க எளிமையாக இருப்பதால் நிபுணர்கள் நெடுநாள் இதைப் பெரிய சிகிச்சையின் ஒரு சிறு உறுப்பாகவே வைத்திருந்தார்கள். 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் அந்தப் பெரிய சிகிச்சையைப் பிரித்துப் போட்டுச் சோதித்தார். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு, செயல்களைத் தூண்டும் பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார். முழுச் சிகிச்சை பெற்றவர்கள் தேறிய அளவுக்கு அவர்களும் தேறினார்கள். 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த சோதனை ஒன்று அடுத்த படியை வைத்தது. குறைந்த பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த நடத்தைத் தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த முழுச் சிகிச்சைக்குக் குறைவாகப் போகவில்லை, செலவும் குறைந்தது.

நமக்கு முக்கியமானது கோவா. அங்கே சங்காத் என்ற அமைப்பும் விக்ரம் படேலும் அவருடைய கூட்டாளிகளும் 2013இலிருந்து 2015வரை 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுள்ள 495 பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஆலோசகர்கள் டாக்டர்கள் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை. உள்ளூர் ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் ஆறிலிருந்து எட்டுத் தடவை சந்தித்து, "இந்த வாரம் என்ன செய்யலாம்?" என்று சேர்ந்து திட்டமிடுவதுதான் அவர்கள் வேலை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் மனச்சோர்வின் எல்லைக் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். ஆலோசகரையும் சந்தித்தவர்களில் 64 சதவீதத்தினர் வந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. எது வேலைசெய்தது என்று ஆராய்ந்தவர்களுக்கு, நோயாளிகள் பழையபடி காரியங்களில் இறங்கியதே பெரும்பங்கு விளக்கமாகக் கிடைத்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது.

ஆக, "இன்றைக்கு ஒரு சின்னக் காரியம்" என்று செயலி சொல்வதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. செயலி செய்வோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. கோவாவில் அந்தக் காரியத்தை யாரும் மேலேயிருந்து அனுப்பவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரும் நோயாளியும் பேசிப்பேசி அதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வந்து கேட்டார். செய்ய முடியாமல் போயிருந்தால் ஏன் முடியவில்லை என்று பார்த்தார்கள். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்ததாலா, மழையாலா, காசில்லாமலா? அந்தக் காரணம்தான் அடுத்த திட்டத்தின் தொடக்கம்.

இயந்திரம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? செயலியிடம் நூற்றுக்கணக்கான சின்னக் காரியங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். உங்களைப் பற்றி அதற்குக் கிடைக்கும் தகவல்கள்: நேரம், இடம், எத்தனை அடி நடந்தீர்கள், மனநிலைக்கு நீங்கள் போட்ட மதிப்பெண், நேற்றைய யோசனையைச் செய்தீர்களா இல்லையா. இவற்றை வைத்து, எந்த யோசனைக்கு நல்ல பலன் வர வாய்ப்பு அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடும். எப்போதும் தெரிந்ததையே சொன்னால் புதிதாக ஒன்றும் கற்காது. எப்போதும் புதிதாகவே முயன்றால் ஆளுக்குச் சலித்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் எல்லாப் பாத்தியிலும் பழகிய லீக்ஸ் நட்டுவிட்டு ஒரு பாத்தியில் மட்டும் புது விதை போட்டுப் பார்ப்பவரைப் போல, பெரும்பாலும் பலித்ததைச் சொல்லி, இடையிடையே புதிதாக ஒன்றைச் சோதிக்கும். சொல்ல வேண்டியதை முடிவு செய்த பிறகு, பெரிய மொழி மாதிரி ஒன்று அதை இதமான வாக்கியமாக்கித் தரும். பழைய செயலிகளில் அந்த வாக்கியங்களையும் ஆட்களே எழுதி வைத்திருந்தார்கள்.

இது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதற்கு ஹார்ட்ஸ்டெப்ஸ் என்ற ஆய்வு நல்ல பாடம். ஹார்வார்டின் சூசன் மர்ஃபியும் மிச்சிகனின் பிரெட்ராக் கிளாஸ்ன்யாவும் மற்றவர்களும் 44 பேருக்கு ஆறு வாரம் நடைக்கான யோசனைகளை அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அனுப்புவதா வேண்டாமா என்பதையே நாணயம் சுண்டுவதுபோல் தற்செயலாக முடிவுசெய்தார்கள். அப்படிச் செய்தால்தான் யோசனையின் தனிப் பலன் என்னவென்று தெரியும். நடக்கச் சொன்னபோது அடுத்த அரை மணியில் அடிகள் கூடின. ஆனால் நாள் போகப்போக அந்தப் பலன் தேய்ந்துகொண்டே வந்தது. ஆறாம் வாரத்தில் அதே செய்தி காதில் ஏறவில்லை. மனநலச் செயலிகளின் கதையும் இதுதான். பரவலாகப் பதிவிறக்கப்பட்ட 93 செயலிகளை 2019இல் ஆராய்ந்தபோது, நிறுவிய முப்பதாம் நாளில் அவற்றைத் திறப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள்.

பலனே இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரில் ஜோ அகர்வாலும் ராமகாந்த் வேம்பதியும் தொடங்கிய வைசா, பென்குயின் முகத்தோடு பேசும் செயலி. 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு முன்னுரிமைத் தகுதி கொடுத்தது. அமெரிக்காவில் அலிசன் டார்சி உருவாக்கிய வோபாட், 2017இல் 70 இளைஞர்களிடம் இரண்டு வாரம் சோதிக்கப்பட்டு மனச்சோர்வைக் குறைத்துக் காட்டியது. டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தின் தெராபாட் 2025இல் 210 பேரிடம் சோதிக்கப்பட்டது. பயன்படுத்திய மனச்சோர்வாளர்களின் அறிகுறிகள் சராசரியாகப் பாதி அளவுக்குக் குறைந்தன. ஆனால் அந்தச் சோதனையில் இயந்திரம் அனுப்பிய செய்திகளை ஆட்கள் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வோபாட் செயலியோ 2025 ஜூன் 30ஆம் தேதி பூட்டப்பட்டது. அதனிடம் தினம் தினம் பேசிப் பழகியவர்களுக்குத் துணை திடீரென்று இல்லாமல் போனது. தோட்டத்து மருத்துவமாது இடமாற்றம் கிடைத்துப் போனால் இன்னொருவர் வருவார்; கம்பெனி மூடினால் யாரும் வரமாட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது, இயந்திரம் எதைப் பலன் என்று எண்ணக் கற்றுக்கொள்கிறது என்பது. கற்கும் இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்ட அளவுகோலை நோக்கித்தான் ஓடும். அந்த அளவுகோல் மனநிலை மதிப்பெண்ணாக இருந்தால் ஒரு மாதிரி வளரும். எத்தனை நிமிடம் செயலியில் இருந்தீர்கள் என்பதாக இருந்தால் வேறு மாதிரி வளரும். துணையாகப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட பல செயலிகள் இரண்டாம் வகைக் கணக்கில் ஓடுகின்றன. "சரி, போய் வருகிறேன்" என்று பயனர் விடைபெறும்போது அவரைக் குற்ற உணர்வில் நிறுத்திவைக்கப் பார்க்கும் பதில்கள் இவற்றில் பலவற்றில் வருவதை ஹார்வார்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். அதே ஆண்டில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகமும் ஓப்பன் ஏஐயும் ஏறக்குறைய ஆயிரம் பேரை நாலு வாரம் கவனித்தபோது, தினமும் மிக அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமை உணர்வும் அதிகமாக இருந்தது. எது காரணம் எது விளைவு என்பதைத் தனியே பிரிக்க வேண்டும். ஆனாலும் எச்சரிக்கைக்கு அது போதும்.

நல்ல சின்னக் காரியம் ஆளை இன்னொரு ஆளிடம் அனுப்ப வேண்டும். லூயின்சனின் சுழலை உடைப்பது அதுதான். சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய நட்பு பெஞ்சு என்ற திட்டத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்து வந்தவர்களின் கதையைக் கேட்டார்கள். தலையில் நிற்கும் பெரிய பிரச்சினைகளில் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதற்கு முதலில் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதம் கழித்தும் பலன் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயும் காரியம் சின்னது, கேட்கும் ஆள் பக்கத்தில்.

மலைநாட்டில் போன் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொரோனாக் காலத்தில், 2021இல், ஊவா மலைகளில் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறிச் சிக்னல் தேடியது உலகச் செய்தியானது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருந்தால் அது பெரும்பாலும் படிக்கும் பிள்ளையிடமோ வீட்டுக்காரரிடமோ இருக்கும். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். "உங்களுக்கு மனக்கஷ்டம் தருவது யார்?" என்று போன் கேட்டால், இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் யாருடைய காதில் பதில் விழும்? நாளைக்கு அந்த உரையாடலைத் திறந்து பார்க்கப்போவது யார்? வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு இது ஆபத்து விளைவிக்கும் கேள்வி.

அந்த உரையாடலைத் திறக்கக்கூடிய இன்னொரு கை நிர்வாகத்தினுடையது. உலகம் முழுக்க இந்தச் செயலிகளை வாங்குகிறவர்கள் பல சமயம் தனி ஆட்கள் இல்லை. முதலாளிகளும் காப்புறுதிக் கம்பெனிகளும். நாளைக்குத் தோட்டத்துக் கம்பெனி ஒன்று "தொழிலாளர் நலனுக்காக" என்று இலவசமாக ஒரு செயலியைக் கொடுத்தால், நேற்றிரவு தூங்கவில்லை, கை வலிக்கிறது, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் அதனிடம் சொன்னது எந்த மேசைக்குப் போகும்? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. ஆனால் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுவதே தோட்டத்துரையின் கையில் இருக்கும் இடத்தில், "சம்மதம்" என்ற பெட்டியில் போடும் புள்ளடிக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசிக்க வேண்டும். என் கருத்தில், தோட்ட நிர்வாகத்தின் கைக்கு எந்த வடிவிலும், தொகுப்புக் கணக்காகக்கூட, இந்தத் தகவல் போகக்கூடாது.

மொழியும் இருக்கிறது. கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் "கொ" என்று ஒரு எழுத்தை வைக்க ஆறு பைட் வேண்டும். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டிப் படிக்கும்போது ஒரே செய்தி தமிழில் பல மடங்கு துண்டுகளாகி, மெதுவாகவும் விலை கூடியதாகவும் ஆனது. புதிய மாதிரிகளில் இது குறைந்து வருகிறது. குறையாத சிக்கல், அவை படித்த தமிழில் மலைநாட்டு வாழ்க்கை மிகக் குறைவு என்பது. சாயங்காலம் மடுவத்தில் கொழுந்தை நிறுக்கிறார்கள். சொன்ன கிலோ வரவில்லை. "இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு" என்று ஒரு பெண் போனிடம் சொல்கிறார். பாதிச் சம்பளம் போனது, வட்டிக்காரருக்குச் சொன்ன தவணை தப்பியது, வீட்டில் சண்டை காத்திருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. இயந்திரம் அதைப் பெயர் பற்றிய ஏதோ தகவல் என்று எடுத்துக்கொண்டு, "நன்றியுணர்வைப் பழகுங்கள்" என்று பதில் சொன்னால், அதற்குப் பிறகு அந்தப் பெண் அதனிடம் பேசவே போவதில்லை. பேசாமல் விடுவது சரியும்கூட.

மனநலம் என்றதும் முழுப் பாரத்தையும் தனி ஆளின் தலையில் ஏற்றும் பழக்கத்துக்கு எதிராக, இந்தத் தீவே உலகத்துக்கு ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டிலிருந்து அரசு மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2008இலிருந்து 2011வரை தேயிலைத் தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிய ஒரு களைகொல்லி உட்பட இன்னும் சிலவற்றை விலக்கியது. தடைகள் தொடங்கிய பத்தே ஆண்டுகளில், 2005க்குள், விகிதம் பாதியானது, பிறகும் இறங்கியது. யாருடைய துக்கமும் அந்தத் தடையால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் துக்கம் உச்சிக்கு ஏறிய அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்ட ஆயிரக்கணக்கானவர்கள் உயிரோடிருந்து, பேச ஆள் தேடும் வாய்ப்பைப் பெற்றார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தை 1998இல் நீக்கியதும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த பயத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஒரு கொள்கை முடிவு செய்ததை எத்தனை கோடித் தினசரி யோசனைகளாலும் செய்திருக்க முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைச் சரித்தபோதும் இதுவே தெரிந்தது. லயத்தை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் தங்கியவர்களுக்கு, காணாமல்போனவர் பற்றிய செய்தி, ஒரு சூடான தேத்தண்ணி, காய்ந்த பாய், மேலே மலை வெடித்திருக்கிறதா என்ற உண்மையான தகவல் ஆகியவையே மனதுக்கான முதலுதவி. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் சரிவில் காலாற நடக்கச் சொல்லும் செயலி ஆளைக் கொன்றுவிடும்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு செயலியை உருவாக்க முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன். அதற்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கிறார்கள். குடும்பநல மருத்துவமாது லயம் லயமாகப் போகிறவர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எடை குறைந்தது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைமடுவத்தில் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் தினமும் இரண்டு வேளை தாய்மாரைப் பார்க்கிறார். பிள்ளையை வாங்கும்போது முகத்தைப் பார்த்தே, "என்னம்மா, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்கக்கூடியவர். கோவாவில் நடந்ததைப் போல இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளத்தில் அந்த வேலைக்கு ஒரு தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். செயலி முதலில் இவர்கள் கையில் இருக்க வேண்டும்: போன தடவை என்ன பேசினோம், எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை ஞாபகப்படுத்தவும், யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று உஷார்ப்படுத்தவும். பாகிஸ்தானின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் இதே மாதிரி சுகாதாரப் பெண் பணியாளர்களை வைத்து 903 தாய்மாரிடம் செய்துகாட்டினார். ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள், இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் சந்தித்தவர்களில் 53 சதவீதம், பயிற்சி பெற்றவர்கள் சந்தித்தவர்களில் 23 சதவீதம். 2008இல் வந்த முடிவு அது. அப்போது ஸ்மார்ட் போனே அந்த ஊர்களுக்கு வந்திருக்கவில்லை.

தொழிலாளியின் போனுக்கு வரும் பகுதி சின்னதாக, குரலாக, டேட்டா இல்லாதபோதும் ஓடுவதாக, பேச்சை எங்கும் சேமிக்காததாக இருந்தால் போதும். யோசனைகளை அவருடைய நாளில் உண்மையாகவே அவருக்குச் சொந்தமான இடுக்குகளில் பொருத்த வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் தொகுத்துச் சொன்னது இங்கே உதவும்: "நாளைக்குச் செய்வேன்" என்பதைவிட "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்ட தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது. தோட்டத்து நாளில் அப்படி முடிச்சுப் போடத்தக்க புள்ளிகள் நிறைய இருக்கின்றன. பகல் நிறுவை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்து நிரை அக்காவிடம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்வது, பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு வரும் வழியில் அம்மா வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிற்பது, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு ஒதுங்கிப்போன ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவது. பழக்கமாக இறுகுவதற்கு நாள் எடுக்கும். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. "21 நாளில் பழக்கம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகள் இதைச் சொல்வதில்லை.

மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து வாரக்கணக்கில் வேலை முடிந்த இரவுகளில் ஊரே ஒரு களத்தில் கூடுகிறது. வேஷம் கட்டுகிறவர், தப்படிக்கிறவர், தேத்தண்ணி ஊற்றுகிறவர், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர் என்று ஆளுக்கொரு காரியம். அதில் யாரும் யாருடைய மனநிலைக்கும் மதிப்பெண் போடுவதில்லை. லூயின்சன் சொன்ன அத்தனையும் அங்கே நடக்கிறது. செயலி வடிவமைக்க வருகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் அது. பட்டியலில் இருக்கும் நூறு யோசனைகளை அங்கேயிருந்து எழுதத் தொடங்கலாம்.

எந்தச் செயலியாக இருந்தாலும் ஒரு கட்டளை மட்டும் பேரத்துக்கு இடமில்லாமல் அதற்குள் இருக்க வேண்டும். உயிர் மீது வெறுப்பு தட்டும் பேச்சு வந்தவுடன் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு மனிதக் குரலிடம் இணைக்க வேண்டும். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. 1974இலிருந்து சுமித்திரயோ அமைப்பின் தொண்டர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இலக்கங்களில் நள்ளிரவிலும் தமிழில், மலைநாட்டுப் பேச்சு புரிகிற ஒருவர் எடுப்பதற்கு ஆள் போடும் செலவை, புதுச் செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் வரியாக எழுத வேண்டும்.